ஐந்நூறு ‘ம்போவு’

ஐந்நூறு ஸ்டிக்கர். சிவப்பில் வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றிலும் ஒரே சொல்: ‘ம்போவு’. உடைந்த, விரிசல் விட்ட சரக்கை ஒதுக்கி அதன் மேல் ஒட்டுவதற்காக நானே அகராதி பார்த்து, நானே கரியாகோ சந்தையில் ஒரு பிரிண்டிங் கடையில் கொடுத்து அடித்து வாங்கியவை. தான்சானியாவில், டார் எஸ் சலாமில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் குடோனில் சேர்ந்து அப்போது எனக்கு நாலாவது மாதம். தலைமை அலுவலகத்திலிருந்து நாற்பது ஆங்கில வாசகங்களை மெயிலில் அனுப்பி, எல்லாவற்றையும் இந்த ஊர் மொழியான சுவாஹிலியில் எழுதி மாட்டச் சொல்லியிருந்தார்கள். பழுது, விற்பனைக்கல்ல, தயவுசெய்து காத்திருக்கவும், தாமதத்துக்கு வருந்துகிறோம், எட்டு மணிக்கு லோடு ஏற்றப்படும், இந்த எண்ணில் அழைக்கவும். இவ்வளவுதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் ஸ்டோர் பொறுப்பு ஓர் ஐம்பத்தைந்து வயது அம்மாளிடம். எல்லோரும் அவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவோம். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. முதல் வாரம் எனக்கு வாய் வரவில்லை. புடவை கட்டாத அத்தையை மாமா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கால் விரிசல் விட்ட ஒரு நாற்காலியின் முதுகில் நான் ஒட்டிய முதல் ஸ்டிக்கரைப் படித்தார். பிறகு நாற்காலியைச் சுற்றி வந்தார்.

“எது ம்போவு?”

“நாற்காலிதான், மாமா.”

“நாற்காலி எப்படி ம்போவு ஆகும்? நாற்காலி கிபோவு.”

விஷயம் இதுதான். சுவாஹிலியில் ‘பழுதான’ என்பதற்குத் தனியாக நிற்கும் சொல் கிடையாது. ‘போவு’ என்பது வெறும் உடம்பு. எதைச் சொல்கிறோமோ அதற்கு ஏற்ற தலையை அதற்கு முன்னால் வைக்க வேண்டும். நாற்காலி ‘கிட்டி’, ஆகவே ‘கிட்டி கிபோவு’. பல நாற்காலிகள் ‘விட்டி’, ஆகவே ‘விபோவு’. மேஜை ‘மேஸா’, அது ‘ம்போவு’. வாளியும் ‘ம்போவு’. பேசின் என்றால் தலையே இல்லாமல் ‘போவு’. பேசின்கள் என்றால் ‘மபோவு’. எங்கள் குடோனில் முக்கால்வாசி நாற்காலியும் பேசினும். நான் அடித்த ஐந்நூறு ஸ்டிக்கரும் ஓரமாக அடுக்கியிருந்த மேஜைக்கும் வாளிக்கும் மட்டுமே பொருந்தும்.

அகராதியில் ‘போவு’க்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. அதை அச்சுப் பிழை என்று நினைத்துவிட்டேன்.

தமிழில் நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. ‘வந்தான்’ என்றால் ஆள், ‘வந்தது’ என்றால் மாடோ பஸ்ஸோ. உயர்திணை, அஃறிணை என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அவர்களிடம் மனிதருக்கு ஒரு பெட்டி, மரங்களுக்கு ஒன்று, பழங்களுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருமை பன்மையைத் தனித்தனியே எண்ணினால் பதினைந்து, பதினாறு வரை போகும். வினை, பெயரடை, ‘இந்த’, ‘அந்த’, ‘என்னுடைய’ எல்லாம் அந்தப் பெட்டியின் சாயலில்தான் வர வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் சுவர்களைப் படித்துக்கொண்டே போனேன். டார் எஸ் சலாமில் ஏராளமான வீட்டுச் சுவர்களில் பெயின்ட்டால் பெரிதாக எழுதியிருப்பார்கள்: ‘ந்யும்பா ஹீ ஹைஉஸ்வி’. இந்த வீடு விற்பனைக்கு இல்லை. உரிமையாளர் ஊரில் இல்லாத நேரத்தில் வேறு எவனாவது வீட்டைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிவிடாமல் இருக்க இந்தக் காப்பு. காலி மனையில் ‘கிவான்ஜா ஹிக்கி ஹக்கிஉஸ்வி’. பெரிய நிலத்தில் ‘எனேயோ ஹிலி ஹலிஉஸ்வி’. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வாசகம் போதும். சுவாஹிலியில் எதை விற்கவில்லை என்று தெரியாமல் ‘விற்பனைக்கல்ல’ என்று எழுதவே முடியாது. மெயிலில் வந்த நாற்பதில் பாதிக்கு மேல் அந்த மாதிரி, எதைப் பற்றியது என்று சொல்லாத மொட்டை வாசகங்கள்.

அதுவரை என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் எழுத்தில் சுவாஹிலி. தமிழ் எழுத்தில் எழுதி வைத்ததால் வந்த வினை தனிக்கதை. அப்பாவுக்கும் சுறாமீனுக்கும் அவர்கள் மொழியில் ஒலி வேறு வேறு. என் நோட்டில் இரண்டும் ‘பாபா’. மீன் மார்க்கெட்டில் வயதான ஒருவரிடம் மரியாதையாகப் பேசுவதாக நினைத்து அவரைச் சுறா என்று அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. சுறா தீர்ந்துவிட்டது என்றார்.

நோட்டில் பிரச்சினை வலப்பக்கத்தில் இல்லை, இடப்பக்கத்தில்தான் என்று புரிய வைத்தது ஒரு தட்டுச் சோறு. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். மதியம் கேன்டீனில் ‘எனக்கு அரிசி வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் யோசித்து, அகராதியில் முதலில் கிடந்த ‘ம்செலே’ என்ற சொல்லை எடுத்துக் கேட்டேன். பரிமாறும் பெண் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கல் பொறுக்காத பச்சை அரிசியைக் கொண்டுவந்து காட்டி, எத்தனை கிலோ என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்து முடித்ததும் மாமா விளக்கினார். வயலில் நிற்பதும் உமியோடு இருப்பதும் ‘ம்புங்கா’. குத்திய பிறகு ‘ம்செலே’. வெந்து தட்டுக்கு வந்துவிட்டால் ‘வாலி’.

நெல், அரிசி, சோறு.

கையில் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழியை நடுவில் தரகராக வைத்துக்கொண்டு, மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவன், மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருத்தியிடம் பட்டினி கிடந்திருக்கிறேன். அன்று இரவு நோட்டில் இன்னொரு கோடு போட்டேன். மூன்றாவது பத்தி தமிழுக்கு.

அதன் பிறகு வேட்டை மாதிரி ஆகிவிட்டது. உறவுமுறையில் கை வைத்தேன். ‘அங்கிள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அகராதி நாலைந்து சொல் கொடுத்துக் குழப்பியது. தமிழ்ப் பத்தியை நிரப்பினால் குழப்பமே இல்லை. அப்பாவின் அண்ணன் ‘பாபா ம்குப்வா’, பெரிய அப்பா. அப்பாவின் தம்பி ‘பாபா ம்டோகோ’, சின்ன அப்பா. அம்மாவின் அக்கா ‘மாமா ம்குப்வா’, தங்கை ‘மாமா ம்டோகோ’. பெரியம்மா, சின்னம்மா. அம்மாவின் சகோதரருக்கு மட்டும் ‘ம்ஜோம்பா’ என்று தனிச்சொல், அப்பாவின் சகோதரிக்கு ‘ஷங்காஸி’ என்று தனிச்சொல். நம் மாமனும் அத்தையும் எங்கே தனியாகப் பிரிந்து நிற்கிறார்களோ அதே இடத்தில் அவர்களும் பிரிந்து நிற்கிறார்கள். சகோதரன் ‘காக்கா’. இதைச் சொன்னால் சென்னை நண்பர்கள் சிரிப்பார்கள். காயல்பட்டினத்துக்காரர் சிரிக்க மாட்டார், அவர் வீட்டிலும் அண்ணன் காக்காதான். சகோதரி ‘டாடா’, அதற்கு எல்லோரும் சிரிக்கலாம்.

அடுத்தது ‘இந்த எண்ணில் அழைக்கவும்’. இதில் நான் பட்ட அவமானம் குடோனில் இன்றும் பேச்சு. சுவாஹிலியில் போன் பண்ணுவதைப் ‘பிகா சிமு’ என்பார்கள். ‘பிகா’ என்றால் அடி. போன் அடி. லாரி டிரைவர் ஒருவருக்கு, நாளைக் காலையில் எனக்கு அடியுங்கள் என்ற பொருளில் ‘நிபிகே’ என்று வாட்ஸ்அப் செய்தேன். ‘எனக்கு அடி’ என்பதற்கு ‘நிபிகியே’ என்று நடுவில் ஓர் ‘இ’ சேர்த்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ‘என்னை அடி’. டிரைவரிடமிருந்து பதில் வந்தது: “ஏன் போஸி, என்ன தப்புப் பண்ணினீங்க?”

‘எனக்கு’ என்பதற்கும் ‘என்னை’ என்பதற்கும் நடுவில் நாம் உருபை மாற்றுகிறோம். அவர்கள் வினைச்சொல்லின் வயிற்றுக்குள் ஓர் எழுத்தை நுழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல் என்பதால் இடப்பக்கப் பத்தி எனக்கு எச்சரிக்கை தரவில்லை. இந்த ‘பிகா’ இருக்கிறதே, அது செய்யாத வேலை கிடையாது. போட்டோவை அடிப்பார்கள், துணிக்கு இஸ்திரியை அடிப்பார்கள், பல் துலக்கும் பிரஷ்ஷை அடிப்பார்கள், தரை துடைப்பதை அடிப்பார்கள், தேர்தலில் ஓட்டுப் போடுவதையும் அடிப்பார்கள். ஆங்கிலேயருக்கு இது வினோதம். ஹாரன் அடித்து, பெயின்ட் அடித்து, ஜெராக்ஸ் அடித்து, மொட்டை அடித்து, சாயங்காலம் தண்ணி அடிக்கிற நமக்கு என்ன வினோதம்?

கல்யாணத்தில் இதைவிடப் பெரிய வழுக்கல். ஆங்கிலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே வாய்பாட்டில் மணமானவர்கள். இங்கே ஆண் ‘ஓவா’, கட்டிக்கொள்கிறான். பெண் ‘ஓலெவா’, கட்டிக்கொள்ளப்படுகிறாள். ‘நிமெஓலெவா’ என்று நான் அறிவித்ததும் கேன்டீனில் யாரோ என் மாப்பிள்ளையின் நலம் விசாரித்தார். ‘கட்டிக் கொடுத்தாச்சு’ என்று பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லிப் பழகிய ஊரிலிருந்து வந்தவன் நான். வேறுபாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆங்கிலத் தரகர் சொல்லவில்லை, அவ்வளவுதான். (இந்த வேறுபாடு நல்லதா என்று கேட்டால், இரண்டு மொழியிலும் நல்லதில்லை என்பேன்.)

மணமாகாதவரிடம் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் அநேகமாக வராது. ‘பாடோ’ என்பார்கள், இன்னும் இல்லை. குழந்தை இருக்கிறதா? பாடோ. சாப்பிட்டாயா? பாடோ. ‘ஹபானா’ என்று கதவைச் சாத்துவது அபசகுனம் மாதிரி. நம் பாட்டிகள் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்லாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்களே, அந்த ரகம். ‘சாப்பிடலையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமா, சாப்பிடல’ என்போம். அவர்களும் ‘ந்டியோ’ என்று ஆமாம் போட்டுவிட்டுத்தான் சாப்பிடவில்லை என்பார்கள். ஆங்கிலக் கணக்குப்படி அங்கே வர வேண்டியது ‘இல்லை’. எங்கள் பிரிட்டிஷ் ஆடிட்டர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டு, வராத சரக்கை வந்ததாக எழுதிவிட்டார். அறையிலிருந்து எழுந்து போகிறவர் ‘நகூஜா’, அதாவது ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எனக்கு ஒரு நாள்கூட அது விசித்திரமாகப் படவில்லை.

நேரத்துக்கு வருகிறேன். ‘எட்டு மணிக்கு லோடு ஏற்றப்படும்’. எட்டு என்றால் ‘நானே’. மணி ‘சா’. ‘சா நானே’ என்று பலகை எழுதி மாட்டினேன். தமிழ்க் காதுக்கு அது என்னை நானே சபித்துக்கொள்வதைப் போல ஒலிக்கும், பலித்தும்விட்டது. காலை எட்டுக்கு ஒரு லாரியும் வரவில்லை. ஆட்கள் ஆறு பேர் கூலிக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு எல்லா லாரியும் வரிசையாக வந்து நின்றன. சுவாஹிலிக் கடிகாரம் விடியலிலிருந்து எண்ணும். காலை ஏழு மணிதான் ‘சா மோஜா’, ஒரு மணி. எட்டு மணி ‘சா ம்பிலி’, இரண்டு. நண்பகல் ஆறு. நான் எழுதிய எட்டு, மதியம் இரண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவதால் இந்தக் கணக்கு பிசகாமல் ஓடுகிறது. கையில் கட்டியிருக்கும் வாட்ச்சில் முள் எட்டைக் காட்டும், வாய் இரண்டு என்று சொல்லும். யாருக்கும் இதில் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆங்கிலக் கண்ணால் பார்த்தால் ஆறு மணி நேரம் கூட்டிக் கழிக்கிற தலைவலி. என் பாட்டியோ விடிந்து பத்து நாழிகை என்பாள். நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிஷம், பத்து நாழிகை நாலு மணி நேரம், அதாவது காலை பத்து. சுவாஹிலியில் அதே நேரம் ‘சா ந்னே’, நாலு மணி. பஞ்சாங்கத்தில் இன்றும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணுகிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் நான் இங்கே வந்திருந்தால் அந்த லாரிகள் சரியான நேரத்துக்கு வந்திருக்கும்.

கிழமைகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வாரம் தொடங்குகிறது. சனி ‘ஜுமாமோசி’, முதல் நாள். ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, செவ்வாய் நாலு, புதன் ‘ஜுமாட்டானோ’, ஐந்து. வியாழன் ஆறாக வேண்டுமே? இல்லை, ‘அல்ஹமிசி’. அதற்கு அரபியில் ஐந்தாம் நாள் என்று பொருள். ஆக வாரத்தில் இரண்டு ஐந்து, ஆறு கிடையாது. சுவாஹிலியின் ஆப்பிரிக்க வேரான பான்ட்டு மொழியும் அரபியும் ஒரே கடையில் கல்லாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்கு எழுதியதன் அடையாளம் இது. எண்களிலும் ஒன்று முதல் ஐந்து வரை பான்ட்டு, ஆறும் ஏழும் அரபி, எட்டு மறுபடி பான்ட்டு, ஒன்பது அரபி, பத்து பான்ட்டு.

நம் கடல் பக்கத்துச் சரக்கும் நிறைய இறங்கியிருக்கிறது. பணம் ‘பேசா’, வண்டி ‘காரி’, இன்ஷூரன்ஸ் ‘பீமா’, ஆட்டோ ‘பஜாஜி’. லட்சம் ‘லாக்கி’. முதல் சம்பளத்தை லாக்கியில் சொன்னபோது ஊரில் இருப்பதைப் போன்ற நிம்மதி. கொண்டுவந்தவர்கள் தமிழர்கள் அல்ல. இங்கே ‘ம்ஹிந்தி’, அதாவது இந்தியர், என்றால் பெரும்பாலும் குஜராத்தி. மேஜை ‘மேஸா’ ஆனதிலும் கைக்குட்டை ‘லேசோ’ ஆனதிலும் மட்டும் நமக்குப் பங்காளி உண்டு. அதே போர்த்துகீசியர்தான் நம் கரைக்கு ‘மேசை’யையும் யாழ்ப்பாணத்துக்கு ‘லேஞ்சி’யையும் கொண்டுவந்தார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘பேபாரி’. தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியெரெரே ஆட்சியில் இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் பெயர்த்தவர். ஜூலியஸ் சீசர் 1963-இல் வந்தது. வெனிஸ் வணிகன் 1969-இல் ‘மபேபாரி வா வெனிசி’ என்ற பெயரில் வந்தது. ‘ம’ பன்மைக்குரிய தலை. பேபாரி நம் ‘வியாபாரி’யேதான், குஜராத்தி வழியாகக் கப்பலேறிப் போனது. சோஷலிசப் பாதையை அறிவிக்கும் அருஷா பிரகடனம் செய்து வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1967-க்கு இரண்டு வருஷம் கழித்து, அந்த மண்ணில் அந்தச் சொல்லின் முகம் வேறு. ‘உபேபாரி’ என்றால் முதலாளித்துவம். ஆகத் தலைப்பைப் படிக்கிற தான்சானியருக்கு அது ‘வெனிஸ் முதலாளிகள்’. ஆங்கிலத்திலிருந்து பார்க்கிறவர்கள், வணிகர் என்று இருந்த தலைப்பில் நியெரெரே அரசியலைக் கலந்துவிட்டார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழில் மளிகைக்கடைக்காரரும் முதலாளிதான், மே தின மேடையில் திட்டு வாங்குகிறவரும் முதலாளிதான். நோட்டின் மூன்றாவது பத்தியில் இந்தச் சொல்லுக்கு எதிரே ‘முதலாளி’ என்று எழுதியபோது ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஆங்கிலம் இங்கே அன்றாடத்துக்குள் நுழைந்த விதமும் நம்மூர் விதம்தான். கரியாகோ சந்தையின் பெயரே முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குச் சுமை தூக்கிய ‘கேரியர் கோர்’ முகாம் இருந்த இடம் என்பதால் வந்தது. ரவுண்டானாக்களில் இடப்பக்கம் செல்லுமாறு ‘கீப் லெஃப்ட்’ என்று பலகை வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள், அதுதான் அந்தப் பொருளின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘கிபிலெஃப்டி’. அதோடு விடவில்லை. ‘கி’ என்று தொடங்குகிறதே, நாற்காலிப் பெட்டியில் போடு என்று போட்டு, பல ரவுண்டானாக்களை ‘விபிலெஃப்டி’ ஆக்கிவிட்டார்கள். என் பஜாஜிக்காரர் ஒரு நாள் போனில் வழி சொன்னார்: கீப் லெஃப்டில் ரைட் எடுத்தால் வீடு. நான் இரண்டு தடவை சுற்றினேன்.

கம்ப்யூட்டர்ச் சொற்களில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். டவுன்லோடுக்கு ‘பகூவா’ என்கிறார்கள். வண்டியிலிருந்து சரக்கை இறக்குவது, அடுப்பிலிருக்கும் பானையிலிருந்து சோற்றை எடுத்துத் தட்டில் போடுவது, இரண்டுக்கும் அதுதான் சொல். நம் ‘பதிவிறக்கம்’ தப்பில்லை, ஆனால் அதில் ஆவி பறக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, தமிழ்ப் பத்தி எல்லாக் கட்டத்திலும் நிரம்பிவிட்டது என்று சொன்னால் பொய். ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்பதற்குப் ‘போலே’ என்று எழுதி மாமாவிடம் காட்டினேன். அகராதியில் ‘சாரி’க்கு அதுதான் முதல் சொல். மாமா சொன்னார்: “தாமதம் பண்ணினது நீ. அவனுக்கு ஆறுதல் சொல்றதும் நீயா? ‘சமஹானி’ன்னு எழுது.” தப்புச் செய்தவன் கேட்பது சமஹானி. போலே வேறு ஜாதி. வழியில் ஒருவர் தடுக்கினால், பார்த்தவர் சொல்வது போலே. தலைச்சுமையோடு ஒருத்தி எதிரே வந்தால் போலே. காய்ச்சலுக்குப் போலே. ‘போலே நா காஸி’ என்றால், வேலை செய்து வந்திருக்கிறாய், உன் அலுப்பு எனக்குத் தெரிகிறது என்பது மாதிரி ஒன்று. கேட்டவர் ‘நிமேஷபோவா’ என்பார், ஆறிவிட்டேன் என்று. தமிழில் என்ன சொல்வோம்? தடுக்கினால் ‘பாத்து, பாத்து’. வேலை முடிந்து வந்தால் சொல்லாமல் காபியை நீட்டுவோம். சொல் இல்லை. அந்தக் கட்டத்தில் காபி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இதேபோல் ஆங்கிலத்தின் ‘ப்ளீஸ்’. ‘தஃபதாலி’ என்று சொல் இருக்கிறது, பலகைக்குப் பரவாயில்லை. வாயில் வருவது ‘நஓம்பா’, வேண்டிக் கேட்கிறேன். ஒரு டீ வேண்டும் என்றால்கூட ‘நஓம்பா சாய்’. ‘நடாக்கா’ என்று, எனக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டால் இங்கே முகம் சுளிப்பார்கள். கென்யாக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று கேலியும் செய்வார்கள். டூரிஸ்டுகளுக்கான கையேடுகளில் ‘ஜாம்போ’வும் ‘ஹகூனா மடாட்டா’வும் முதல் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் டூரிஸ்டிடம் பேசும்போது தவிர வேறு எப்போதும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவரைக் கண்டால் ‘ஷிகமோ’. உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதன் சுருக்கம் என்பார்கள். இதை ‘குட் மார்னிங்’ என்று எந்தத் தைரியத்தில் எழுதுவது?

என் பாட்டி, அந்த நாழிகைப் பாட்டி, போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் நான் போகவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தேன். லோடு ஏற்றுகிற பையன்கள், டிரைவர்கள், கேன்டீனில் அரிசி காட்டிய பெண், ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ‘போலே’ என்றார்கள். பிடித்த கையை உடனே விடவில்லை. மதியம் மாமா ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். ‘ரம்பிரம்பி’, துக்க வீட்டுக்குச் சேர்த்த பணம். உள்ளே ஆயிரம், இரண்டாயிரம் ஷில்லிங் நோட்டுகள். சிலவற்றில் கிரீஸ் கறை. இது எங்கள் ஊர் மொய் மாதிரி, வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல ஒரு தமிழ் வார்த்தை தேடினேன். ‘ஆழ்ந்த இரங்கல்’ போஸ்டர் மொழி. துக்கம் விசாரிக்கப் போகிறோம், போய் உட்கார்கிறோம், எழுந்து வருகிறோம், அவ்வளவுதான் நம்மிடம் இருக்கிறது. ‘நிமேஷபோவா’ என்றேன். ஆறவில்லை, ஆனால் அதுதான் பதில்.

நாற்பது வாசகமும் முடிய ஏழு வாரம் ஆனது. ஸ்டிக்கர் விஷயத்தை மாமாதான் தீர்த்தார். ‘போவு’ என்று மட்டும் அச்சடி, முன்னால் இரண்டு விரல்கடை வெள்ளையாக விடு, பையன்கள் மார்க்கரில் தலை எழுதிக்கொள்வார்கள். அகராதியில் இருந்த அதே சின்னக் கோடுதான். இந்த முறை ஆயிரம் அடித்தேன். முதல் கட்டைப் பிரித்த அன்று வரிசையில் நின்று எல்லோரும் எழுதினார்கள், நாற்காலிக்குக் ‘கி’, அடுக்குக்கு ‘வி’, பேசின் குவியலுக்கு ‘ம’.

பழைய ஐந்நூறை என்ன செய்வது என்று கேட்டேன். மேஜைக்கும் வாளிக்கும் ஆகும் என்றார் மாமா. சாயங்காலம் டாலாடாலா மினிபஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது பின்னால் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது கண்டக்டர் என் முதுகிலிருந்து எதையோ உரித்துக் கையில் கொடுத்தார். சிவப்பில் வெள்ளை எழுத்து. மறுநாள் அதை மாமாவின் மேஜையில் வைத்து, இது யார் வேலை என்றேன். மாமா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“மனுஷப் பெட்டிக்கும் தலை ‘ம்’தான். ‘ம்ஹிந்தி ம்போவு’. இலக்கணம் சரியாத்தானே இருக்கு?”